பழைய ஜீப், ஜிப்சி சூடாகுதா? முதல்ல எப்போ சூடாகுதுன்னு பாருங்க

மஹிந்திரா எம்எம்540 ஜீப், மாருதி ஜிப்சி மாதிரி பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு கத்திரி வெயில் வந்தாலே கண்ணு ரோட்ல இருக்காது, டெம்பரேச்சர் முள்ளு மேலதான் இருக்கும். கொஞ்சம் ஏறினாலே பயந்துபோய் ரேடியேட்டரையே மாத்திடுறாங்க, இல்லனா தெர்மோஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கிறது) கழட்டி போட்டுடுறாங்க. அவசரப்படாதீங்க. ஒரு வாரம் ஓட்டி, எந்த நேரத்துல முள்ளு ஏறுதுன்னு மட்டும் கவனிங்க, பாதி பதில் அதுலயே கிடைச்சிடும்.

பெருங்களத்தூர் டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது ஏறி, ரோடு ஃப்ரீயாகி 60-ல போனதும் இறங்குதுன்னா காத்து பத்தல. ஃபேன் பெல்ட்டை கட்டை விரலால அழுத்தி பாருங்க, ஒரு சென்டிமீட்டருக்கு ரொம்ப மேல அமுங்கினா லூஸ். அடுத்து ஃபேனை சுத்தி இருக்குற ஷ்ரவுட், அதாவது கூடு. பழைய ஜீப் நிறைய வண்டில இது இருக்கவே இருக்காது, ஏதோ வேலைக்கு கழட்டியிருப்பாங்க திரும்ப மாட்டியிருக்க மாட்டாங்க, அது இல்லனா ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காம பானட்டுக்குள்ள இருக்குற சூட்டையே சுத்தி சுத்தி அடிக்கும். மண் ரோட்ல, மலையில ஃபோர் லோ (நாலு வீலும் இழுக்குற லோ கியர்) போட்டு ஏறும்போதும் இதே கதைதான், எஞ்சின் வேகமா சுத்தும் வண்டி நடக்குற வேகத்துல போகும், அப்போ ஃபேனை விட்டா வேற காத்து கிடையாது. கிரில்லுக்கு முன்னாடி வரிசையா லைட்டு, வின்ச்சுன்னு அடைச்சு வச்சிருந்தா கொஞ்சம் தள்ளி மாட்டுங்க. ரேடியேட்டரோட ஃபின்ல (மெல்லிசு தகடுகள்ல) சேறு காஞ்சு போயிருந்தா எஞ்சின் பக்கத்துல இருந்து வெளிய பார்த்து மெதுவா தண்ணி அடிங்க. வாட்டர் சர்வீஸ்ல கிட்ட வச்சு பிரஷர் அடிச்சா ஃபின் மடங்கிடும், அப்புறம் காத்து போகவே போகாது.

இதுக்கு நேர் எதிரா, டிராஃபிக்ல ஒண்ணுமில்ல, செங்கல்பட்டு தாண்டி 80-ல போகும்போதுதான் ஏறுதுன்னா தண்ணி ஓட்டத்துல பிரச்சனை. ரேடியேட்டர் கோர் (உள்ள தண்ணி ஓடுற சின்ன குழாய்கள்) அடைச்சிருக்கலாம், வாட்டர் பாடி, அதாவது வாட்டர் பம்ப், தேஞ்சிருக்கலாம். யாரும் பார்க்காத ஒண்ணு ரேடியேட்டரோட கீழ் ஹோஸ். பழசாகி தொளதொளன்னு ஆயிட்டா ரேஸ் குடுக்கும்போது பம்ப் இழுக்குற இழுப்புல ஒட்டிக்கும், ஐடிலிங்ல பார்த்தா நல்லாவே இருக்கும், அதனால ஒருத்தரை ரேஸ் பண்ண சொல்லிட்டு பாருங்க, கை மட்டும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. கோர் அடைப்புன்னா ரேடியேட்டர் கடையில டேங்க்கை பிரிச்சு ராடு விட்டு கிளீன் பண்ணுவாங்க, பித்தளை ரேடியேட்டருக்கு இது நல்ல வழி.

அடைப்பு எங்க இருந்து வருதுன்னா நம்ம ஊரு போர் தண்ணில இருந்துதான். கீசர் காயில்ல வெள்ளையா படியுதுல்ல, அதே உப்பு எஞ்சின் உள்ளயும் படியும். தயவு செஞ்சு போர் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தாதீங்க. இங்க பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்குன்னு கேக்குறவங்க இருக்காங்க, துரு பிடிக்காம இருக்கவும் கொதிநிலை ஏறவும்தான் அது. பாதி கூலன்ட் பாதி டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி நல்ல 0.9 பார் பிரஷர் ரேடியேட்டர் மூடி போட்டா சுமார் 125 டிகிரி வரைக்கும் கொதிக்காது. அந்த மூடியோட ரப்பர் போயிட்டா பிரஷர் நிக்காது, சீக்கிரமே கொதிச்சிடும். இருக்குறதுலயே சீப்பான பார்ட் அதுதான், சென்னை ஜிபி ரோட்ல புதுசா வாங்குங்க, புதுப்பேட்டைல பழசு எடுக்காதீங்க. வடிச்ச கூலன்ட்டை தெருவுல மட்டும் ஊத்திடாதீங்க, இனிப்பா இருக்கும்னு நாய் நக்கிட்டு செத்துப்போகும்.

தெர்மோஸ்டாட் விஷயத்துல எனக்கு நடந்ததை சொல்றேன். ஏலகிரி மலை ஏறும்போது, 14 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட தாண்டல, என் ஜீப் கொதிச்சிடுச்சு. பிரிச்சு பார்த்தா வால்வே இல்ல, முன்னாடி யாரோ கழட்டியிருக்காங்க, உள்ள கோர் முக்கால்வாசி அடைச்சிருக்கு. வால்வு இல்லாததால சாதாரணமா ஓட்டும்போது எஞ்சின் சூடே ஏறாம அடைப்பு வெளிய தெரியாமலே இருந்திருக்கு. வால்வு சந்தேகமா இருந்தா பாத்திரத்துல தண்ணி ஊத்தி தெர்மாமீட்டரோட உள்ள போட்டு மெதுவா சூடாக்குங்க, அது மேல 82-ன்னு போட்டிருந்தா கிட்டத்தட்ட அந்த சூட்டுல திறக்க ஆரம்பிக்கணும். திறக்கலன்னா புதுசு மாத்துங்க, எடுத்துட்டு சும்மா விடாதீங்க.

கூலன்ட் மாத்தினா உள்ள மாட்டிக்கிட்ட ஏரை வெளிய எடுக்கணும். வண்டி மூக்கு கொஞ்சம் மேடா நிக்கட்டும், எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியை திறந்து வச்சு ஐடிலிங்ல விடுங்க, மேல் ஹோஸை அப்பப்போ அமுக்கி விடுங்க, குமிழ் நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.

வழியில முள்ளு ஏறினா ஏசியை ஆஃப் பண்ணுங்க, ஹீட்டர் இருந்தா ஃபுல்லா போடுங்க, ஓரமா நிறுத்துங்க. ஆவி வருது, தண்ணி கொட்டுதுன்னா உடனே எஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க. மூடியை அரை மணி நேரமாவது தொடாதீங்க, முகமே வெந்துடும். சூடா இருக்கும்போது பச்சை தண்ணி ஊத்தினா ஹெட் விரிசல் விடும். ஆறினப்புறம் டிப்ஸ்டிக் எடுத்து பாருங்க, ஆயில் பால் டீ மாதிரி இருந்தா ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல்) போயி ஆயில்ல தண்ணி கலந்துடுச்சுன்னுதான் எடுத்துக்கணும், வீடு பக்கத்துலதான்னு ஸ்டார்ட் பண்ணாதீங்க, கயிறு கட்டி இழுத்துட்டு போங்க.