குட்ஷெட்டில் லாரிகளுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி?

சரக்கு ரயிலில் அரிசி வரும் நாளில், கிடைத்த லாரிகளையெல்லாம் விடியற்காலையிலேயே குட்ஷெட் வாசலில் நிறுத்திவிடுவதை நல்ல முன்னேற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சுமைதூக்கும் தொழிலாளர்களின் வேகத்தைக் கணக்கிட்ட பிறகே லாரிகளை அழைக்க வேண்டும்.

42 மூடு வேகன்கள் கோத்த ஒரு பிசிஎன் ரேக்கில் (முழுச் சரக்கு ரயிலில்) ஏறத்தாழ 2,600 டன், அதாவது 50 கிலோ எடையுள்ள 52,000 மூட்டைகள் வரும். எட்டுக் குழுக்கள் வேகனிலிருந்து நேராக லாரியில் ஏற்றுகின்றன என்றும், 200 மூட்டை கொள்ளும் லாரியை நிரப்ப ஒரு குழுவுக்கு 40 நிமிடம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சராசரியாக 5 நிமிடத்துக்கு ஒரு லாரி நிரம்பும். அந்த லாரி நிரம்பி, கிடங்குக்குச் சென்று, எடைமேடை ஏறி, மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்ப 160 நிமிடம் ஆகுமானால், 160-ஐ 5-ஆல் வகுக்கக் கிடைக்கும் 32 லாரிகளே போதும். ஐம்பது லாரிகளை வரவழைத்தால் எஞ்சிய 18 லாரிகள் வழியை அடைத்து நிற்கும். கிடங்கில் இறக்குவது அரை மணி நேரம் தாமதமானால் 38 லாரிகள் தேவைப்படும். கூடுதலாக ஆறு லாரிகளை வாடகைக்கு எடுப்பதைவிட, கிடங்கில் இன்னொரு குழுவை அமர்த்துவதே சிக்கனம் என்பது என் கருத்து.

எட்டுக் குழுக்களும் ஒரே நேரத்தில் ஏற்றத் தொடங்கினால் எட்டு லாரிகளும் ஒன்றாகக் கிளம்பி எடைமேடையில் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். ஆகவே 5 நிமிட இடைவெளியில் ஒவ்வொரு குழுவுக்கும் முதல் லாரியை அனுப்புங்கள். காத்திருக்கும் குழு அதுவரை மூட்டைகளை மேடையில் இறக்கலாம்.

வேகன்களை மேடையோரம் நிறுத்திய நேரத்திலிருந்து, சரக்கை இறக்க ரயில்வே தரும் இலவச நேரம் ஓடத் தொடங்கும். அது கடந்தால் ஒவ்வொரு வேகனுக்கும் மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். இலவச நேரம் 9 மணி நேரம் என்றால், மேற்சொன்ன வேகத்தில் 1,080 டன் மட்டுமே நேராக லாரிக்குப் போகும். மீதியை வேறு குழுக்களைக் கொண்டு மேடையில் இறக்கி வேகன்களைக் காலி செய்ய வேண்டும். இரண்டாம் முறை தூக்கும் கூலி கூடினாலும் டெமரேஜ் செலவு மிச்சமாகும். மேடையில் எடுக்காமல் கிடக்கும் சரக்குக்கு விதிக்கும் வார்ஃபேஜ் கட்டணம் தொடங்குவதற்குள் அதை எடுத்துச் செல்லும் நடைகளையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.

சரக்கு ரயில்களின் நகர்வைக் காட்டும் ரயில்வேயின் எஃப்ஓஐஎஸ் என்ற கணினி அமைப்பில் ரேக் எங்கே வருகிறது என்று பார்த்து, ஓட்டுநர்களுக்குத் தொலைபேசியில் நேரம் சொல்லுங்கள். வாசலில் கொடுக்கும் டோக்கனில் வேகன் எண்ணையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் வரும் லாரிகளெல்லாம் வாசலுக்கு அருகிலுள்ள வேகனிலேயே குவிய, மறுகோடியில் உள்ள குழு கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிழலில் காத்திருக்கும்.