பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் நான் செய்த தவறையே சொல்லிவிடுகிறேன். பெங்களூரு அல்சூர் பக்கம், தெரிந்தவர் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வகுப்பு நடத்துகிறோம். வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் தமிழ்க்காரர்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய அக்காக்கள். கார்மெண்ட்ஸ், ஹவுஸ்கீப்பிங், பூ வியாபாரம் என்று வேலை. கன்னடம் பேசுவது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் ஒரு போர்டைப் படிக்க வராது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வகுப்பு. நான் என்ன செய்தேன் என்றால், கடையில் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கான எழுத்துப் புத்தகம் பன்னிரண்டு வாங்கிவந்து, அ-விலிருந்து ஆரம்பித்தேன்.

கன்னட நெடுங்கணக்கில் 49 எழுத்து. வாரத்துக்கு மூன்று என்று போனால் நாலு மாதம் ஆகும். சரி, இந்த ஊர் பஸ் போர்டில் அடிக்கடி கண்ணில் படுகிற சொல் எது? ஹள்ளி. கிராமம் என்று பொருள். மாரத்தஹள்ளி, பையப்பனஹள்ளி, தாசரஹள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஹள்ளி இருக்கும். வரிசையில் ஹ கடைசிக்கு முந்தின எழுத்து, ள கடைசி எழுத்து. ஆக, அவர்களுக்கு முதல் நாளே வேண்டியிருந்த சொல்லை நான் நாலாவது மாதத்துக்குத் தள்ளி வைத்திருந்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பரவாயில்லை, அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடம் இருக்கிறது. இவர்களுக்கு இருப்பது ஞாயிறு ஒன்றரை மணி நேரம், அதிலும் வீட்டில் அடுப்பில் ஏதாவது இருக்கும். நாலாவது வாரத்தில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள்.

இப்போது ஹள்ளியில்தான் ஆரம்பிக்கிறோம். ஹ, ள, இகரக் குறி, அடுத்து வரும் மெய்யைக் காட்டக் கீழே தொங்குகிற ஒத்தெழுத்து, நாலும் அந்த ஒரே சொல்லில் கிடைத்துவிடுகிறது. இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 1963-ல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் அந்த நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க முயன்றபோது கையாண்ட வழி இதுதான்: ஊர்க்காரர்கள் வாயில் புழங்கும் சொற்களை முதலில் சேகரிப்பது, அதை அசை அசையாக உடைப்பது, அந்த அசைகளை வைத்தே அடுத்த சொற்களைக் கட்டுவது. எங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. தமிழில் ப-வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹ-வில் தொடங்கும்: பால் ஹாலு, பத்து ஹத்து, ஊரைக் குறிக்கும் பள்ளி ஹள்ளி. பழைய கன்னடத்தில் அங்கேயும் ப-தான் இருந்தது. இதைச் சொன்னதும் பூ விற்கிற அக்கா, "அட, அப்ப ஹூவும் நம்ம பூதானா!" என்றார். இருபது வருஷமாகத் தினமும் ஹூ ஹூ என்று கூவி விற்றவர். அன்றைக்கு ஹூ எழுத யாரும் அவருக்குக் கைபிடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு, அது கொஞ்சம் வாசித்துவிட்டு வருகிறவர்கள் செய்வது. பெரியவர்கள் தங்களைத் தாங்களே வழிநடத்திக்கொள்வார்கள், ஆசிரியர் ஓரமாக நின்று உதவினால் போதும் என்பார்கள். ஆதாரமாக அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் பெயர் வரும். ஆனால் நோல்ஸ் 1970-ல் பெரியவர் கல்வியையும் குழந்தைக் கல்வியையும் எதிரெதிராக நிறுத்தித் தன் புத்தகத்துக்குத் துணைத்தலைப்பு வைத்தவர், 1980 பதிப்பில் அதையே 'குழந்தைக் கல்வியிலிருந்து பெரியவர் கல்விக்கு' என்கிற பொருள் வருமாறு மாற்றிவிட்டார். இரண்டு முகாம் என்று இருந்தது, ஒரே பாதை ஆகிவிட்டது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

எங்கள் வகுப்பிலும் இது நடந்தது. புதிதாக வந்த ஒரு நண்பர் இரண்டாவது வாரமே கன்னடப் பேப்பரைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து நீங்களே கண்டுபிடியுங்கள் என்றார். பத்து நிமிஷம் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு அக்கா கேட்டார்: "தெரிஞ்சா நாங்க ஏன் தம்பி இங்க வர்றோம்?"

விஷயம் புதிது என்றால் நாற்பது வயதுக்காரரும் தொடக்கநிலைதான், அப்போது நேராகச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். தொடக்கநிலையில் வழிகாட்டாமல் விட்டால் மூளைக்குச் சுமை கூடுகிறதே தவிர கற்பது கூடுவதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006-ல் விரிவாகவே வாதிட்டார்கள். அதற்கும் முன்னால் 1991-ல் ஜெரால்ட் குரோ என்ற பேராசிரியர் ஆசிரியர் வேலையை நாலு கட்டமாகப் பிரித்துக் காட்டினார்: முதலில் பக்கத்தில் நின்று பயிற்சி கொடுப்பவர், அடுத்து ஆர்வமூட்டி வழிகாட்டுபவர், பிறகு கூடச் சேர்ந்து நடத்துபவர், கடைசியில் பொறுப்பை அவர்களிடமே விடுபவர். ஆசிரியர் ஒரு கட்டத்திலும் மாணவர் வேறொரு கட்டத்திலும் இருக்கும்போதுதான் சிக்கல் என்கிறார். அது இரண்டு பக்கமும் பொருந்தும். ஆறு மாதம் வந்துகொண்டிருக்கும் அக்காவை இன்னும் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் அவரும் நின்றுவிடுவார். அவரிடம் ரேஷன் படிவத்தைக் கொடுத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொள்வது நல்லது.

முதல் நாளே "உங்களுக்கு என்ன கத்துக்கணும்?" என்று கேட்பதும் வீண். "நீங்க சொல்லிக்கொடுக்கறத" என்பதுதான் பதிலாக வரும், மரியாதைக்காக. அதற்குப் பதிலாக, இந்த வாரம் எங்கே யாரிடம் 'இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க' என்று கேட்டீர்கள் என்று கேளுங்கள். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை என்று பாடத்திட்டம் தானாக வந்து விழும்.

ஒவ்வொரு பாடமும் முந்தின பாடத்தைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி அமைக்காதீர்கள். ஊரில் திருவிழா, வீட்டில் கல்யாணம், ஓவர்டைம் என்று இரண்டு வாரம் வராமல் போவது சகஜம், திரும்பி வரும் அன்றைக்கே அவருக்குப் புரிகிற ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

இவர் பார்த்துக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர் என்று பிரிக்கிற வேலையையும் விட்டுவிடுங்கள். 2008-ல் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள்.

கண்ணை மறந்துவிடாதீர்கள். ஒரு அக்காவுக்கு எழுத்தே பிடிபடவில்லை என்று நாங்கள் மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் பக்கத்தில் இருந்தவர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சும்மா அவருக்குப் போட்டுவிட்டார். அந்தப் பக்கத்தை அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார். இப்போது சாக்பீஸ் டப்பாவிலேயே மூன்று பவரில் கண்ணாடி கிடக்கிறது.