டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ கிட்: தேர்விலிருந்து முதல் ஸ்டார்ட் வரை

கிட்டைத் தேடத் தொடங்கும் முன் ஒரு நாளை உங்கள் இன்ஜினுக்காகவே ஒதுக்குங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் அளந்து எழுதி வையுங்கள். அதிகமாகக் காட்டும் சிலிண்டருக்கும் குறைவாகக் காட்டும் சிலிண்டருக்கும் நடுவே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போ பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவைப் பார்ப்பது) செய்து காற்று எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் குடிக்கிற இன்ஜின், மேட்டில் வழுக்குகிற கிளட்ச், நெரிசலில் நின்றாலே டெம்பரேச்சர் முள் ஏறுகிற ரேடியேட்டர், இவற்றில் எது இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இருக்கிற பலவீனத்தை டர்போ சீக்கிரம் வெளியே கொண்டுவந்துவிடும், அதுவும் முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்திருக்கும் நேரத்தில்.

சரி, இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி எவ்வளவு பூஸ்ட், அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம் எவ்வளவு என்பது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதற்கு மேல் 7 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்தால் சிலிண்டருக்குள் நுழையும் அழுத்தம் முன்பிருந்ததைப் போல ஏறக்குறைய 1.48 மடங்கு. 150 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் கணக்குப்படி 220ஐத் தொட வேண்டும். நிஜத்தில் அவ்வளவு வராது, அழுத்தும்போது காற்று சூடாகி அடர்த்தி குறைகிறது, டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கத்து வீலான டர்பைனைச் சுற்றவைக்க எக்ஸாஸ்டில் ஏறும் எதிரழுத்தமும் கொஞ்சம் விழுங்குகிறது. ஆனாலும் 7 பிஎஸ்ஐயே காரை வேறு காராக மாற்றிவிடும். உள்பாகங்களை மாற்றாத இன்ஜினுக்கு 5 முதல் 8 பிஎஸ்ஐ வரை போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்றால், கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்கி அழுத்துகிறது என்ற அளவு. தொழிற்சாலையில் டர்போ இல்லாமல் வடிவமைத்த இன்ஜினில் இது பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் இன்ஜினில் 9.4:1, அது டர்போவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். டொயோட்டா 86இல் வந்த 2 லிட்டர் இன்ஜினில் 12.5:1. ஏற்கெனவே இவ்வளவு இறுக்கி அழுத்துகிற இன்ஜினுக்குள் இன்னும் காற்றைத் திணித்தால், பிளக் பற்றவைத்த பிறகு சுடர் போய்ச் சேர்வதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானே வெடிக்கிறது. அதுதான் நாக்கிங். ஒரு சில நொடிகள் பலமான நாக்கிங் போதும், பிஸ்டனின் ரிங் இருக்கும் விளிம்பு உடைந்துவிடும். இந்தச் சிக்கலுக்கும் டர்போ கார்களின் வயதேதான்: 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் 10.25:1 கம்ப்ரஷனோடு டர்போ வைத்தார்கள், நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து உள்ளே செலுத்தினார்கள். வாங்கியவர்கள் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள், பல கார்களில் கடைசியில் டர்போவையே கழற்ற வேண்டிவந்தது. இன்றைக்கும் விஷயம் அதேதான். கம்ப்ரஷன் அதிகமென்றால் பூஸ்ட் குறைய வேண்டும், பெட்ரோலின் ஆக்டேன் உயர வேண்டும், இக்னிஷன் டைமிங் பின்னால் போக வேண்டும், அதாவது பிளக் சற்றுத் தாமதமாகப் பற்றவைக்க வேண்டும்.

இன்னொன்று டார்க், அதாவது இன்ஜினின் திருப்புவிசை. பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை வளைப்பது பெரும்பாலும் குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென்று ஏறும் டார்க்தான், உச்சியில் காட்டும் குதிரைத்திறன் அவ்வளவு பொல்லாதது இல்லை. அதனால் "சின்ன டர்போதானே, பாதுகாப்பு" என்று நினைத்து, 2500 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட் தருகிற மிகச் சிறிய டர்போவில் அழுத்தத்தை ஏற்றிவிடாதீர்கள். மிகப் பெரிய டர்போவும் வேண்டாம், அது விழித்துக்கொள்வதற்குள் கியர் மாற்றும் நேரம் வந்துவிடும்.

நடுவிலிருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் கம்ப்ரஸர் மேப், அதாவது டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியின் வரைபடம். தயாரிப்பவர்கள் வெளியிடும் அந்த வரைபடத்தில் கிடையாக நிமிடத்துக்கு எத்தனை பவுண்டு காற்று, செங்குத்தாக அழுத்த விகிதம். தோராயமாக 10 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 1 பவுண்டு காற்று தேவை. 250 குதிரைத்திறன் உங்கள் இலக்கு என்றால் 25 பவுண்டும் 1.5 அழுத்த விகிதமும் சந்திக்கும் புள்ளியைக் குறியுங்கள். அது நடுவிலுள்ள திறன் மிகுந்த, தீவு போன்ற வளையங்களுக்குள் விழ வேண்டும். இடது ஓரத்துக் கோட்டைத் தாண்டினால் சர்ஜ், காற்று முன்னும் பின்னும் அலைந்து பேரிங்கை அடிக்கும். வலது ஓரத்துக்குப் போனால் டர்போ வெறும் சூட்டைத்தான் ஊதும். மேப் கொடுக்காத டர்போவை நான் வாங்க மாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

கிட் விளம்பரத்தைப் படிக்கும்போது பெட்டியில் எது இல்லை என்று பாருங்கள். டர்போ, மேனிஃபோல்ட், பளபளக்கும் குழாய்கள், அழுத்திச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாம் படத்தில் அழகாக இருக்கும். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இருக்கிறதா? ஃப்யூல் பம்ப்? எரிபொருளையும் பற்றவைப்பையும் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு வழி? இவை இல்லாத கிட் பாதி கிட்தான், மீதிப் பாதிக்கு ஆகும் செலவையும் சேர்த்த பிறகே விலையை ஒப்பிடுங்கள். இன்ஜெக்டர் கணக்கை நீங்களே போடலாம். டர்போ பெட்ரோல் இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு எரிபொருள் என்று வையுங்கள். 300 குதிரைத்திறனுக்கு 180 பவுண்டு, நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் 45, அதை 80 சதவீத டியூட்டி சைக்கிளுக்குள் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு) அடக்க 0.8ஆல் வகுத்தால் ஒவ்வொன்றும் மணிக்கு 56 பவுண்டு, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 590 சிசி. விற்பவர் 300 குதிரைத்திறன் என்று சொல்லி 370 சிசி இன்ஜெக்டர் கொடுத்தால் கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம். பூஸ்ட் ஏற ஏற எரிபொருள் அழுத்தத்தை மட்டும் ஏற்றிச் சமாளிக்கும் பழைய ரெகுலேட்டர் முறையை விட்டுவிடுங்கள். பழைய ஈசியூவை ரீஃப்ளாஷ் செய்ய, அதாவது அதன் மென்பொருளை மாற்றி எழுத முடிந்தால் அது நல்லது, முடியாவிட்டால் அதற்குப் பதிலாகத் தனியாக வாங்கி மாட்டும் ஸ்டாண்ட்அலோன் ஈசியூ. டர்போ இல்லாத காரில் வரும் மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது, மேலே சொன்ன வரைபடம் வேறு) வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் படிக்காது என்பதால், மேப் சென்சாரை நம்பி ஓடும் அமைப்பென்றால் 2 பார் அல்லது 3 பார் சென்சாரும் வேண்டும்.

எக்ஸாஸ்டை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் வார்ப்பிரும்பு நெடுநாள் தாங்கும், மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய்கள் வெல்டிங் சரியில்லாவிட்டால் விரிசல் விடும். பூஸ்ட் எல்லை மீறாமல் எக்ஸாஸ்டை டர்பைனுக்கு வெளியே திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங்தான் உங்கள் குறைந்தபட்ச பூஸ்டைத் தீர்மானிக்கிறது, 7 பிஎஸ்ஐ ஸ்பிரிங் போட்டுவிட்டு 5 கேட்க முடியாது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது தேங்கும் அழுத்தத்தை வெளியேற்றும் ப்ளோ ஆஃப் வால்வின் சத்தம் எல்லோருக்கும் பிடிக்கும், தெரியும். ஆனால் உங்கள் காரில் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால், அளந்து முடித்த காற்றை வெளியே விட்டதும் ஈசியூ அது உள்ளே போனதாக நினைத்து எரிபொருளைக் கொட்டும், கார் திணறும். இன்டேக்குக்கே திரும்ப விடும் வகையை மாட்டுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஊர் வாகன விதிகளையும் காப்பீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுப்பது பல நாடுகளில் குற்றம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், கூலன்டையும் ஆயிலையும் வடியுங்கள். பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளுக்கு முந்தைய இரவே துருநீக்கி தெளித்து வையுங்கள், ஒரு ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால் அந்த வார இறுதி முழுவதும் அதற்கே போய்விடும். இடம் பார்ப்பதற்காக மேனிஃபோல்ட், டர்போ, டவுன்பைப் (டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட் வெளியேறும் குழாய்) மூன்றையும் முதலில் லூசாக மாட்டி, ஹூட் மூடுகிறதா, பிரேக் லைனுக்கும் ஸ்டியரிங் ஷாஃப்டுக்கும் வயரிங்குக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள். டர்பைன் பக்கம் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும், பக்கத்தில் இருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஹீட் ஷீல்டு இல்லாமல் தாங்காது.

இப்போது ஆயில். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை இரண்டு முறை படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்ட் மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் நிற்கிறது. உள்ளே போகும் ஆயில் பம்ப் அழுத்தத்தில் போகிறது, வெளியே வருவதோ நுரையாக, வெறும் புவியீர்ப்பில் வடிகிறது. ஆகவே ட்ரெயின் குழாய் உள்விட்டம் குறைந்தது 12, 13 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், டர்போவிலிருந்து சம்ப் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும், சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே நுழைய வேண்டும். எங்கேயும் தொய்வோ மடிப்போ ஏற்றமோ கூடாது. என் முதல் காரில் நீலப்புகை வந்தபோது டர்போ சீல் போய்விட்டது என்று மெக்கானிக் ஒருவர் சொல்ல, நம்பி வேறு டர்போ வாங்கி மாட்டினேன், அதுவும் புகைந்தது. பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் ட்ரெயின் ஓஸ் ஒரு இடத்தில் தொப்பை போட்டிருந்தது. இரண்டு அங்குலம் வெட்டியதும் புகை நின்றது, முதல் டர்போவில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை.

பல கிட்களில் ட்ரெயினுக்காகச் சம்பில் துளை போட வேண்டியிருக்கும். முடிந்தால் சம்பைக் கழற்றியே போடுங்கள், உலோகத் தூள் ஒரு துளியும் உள்ளே இருக்கக் கூடாது. பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் வரும் வழியில் ஆயில் ஓட்டத்தைக் குறைக்கும் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் தேவைப்படும், குண்டுகள் இல்லாத ஜர்னல் பேரிங்குக்குப் பொதுவாக வேண்டாம், தயாரித்தவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். ஆயில் இணைப்புகளில் டெஃப்லான் டேப்போ சிலிக்கோன் பசையோ போடாதீர்கள், பிய்ந்த துணுக்கு அந்தச் சின்னத் துளையை அடைத்தால் டர்போ முடிந்தது. தண்ணீர் இணைப்பு உள்ள டர்போ என்றால் அதைக் கட்டாயம் இணையுங்கள், இன்ஜினை அணைத்த பிறகு பேரிங்கில் தேங்கும் சூட்டில் ஆயில் கருகாமல் அதுதான் காப்பாற்றுகிறது.

மற்றவை வேகமாக முடியும். இன்டர்கூலர் குழாய்களின் முனையில் விளிம்பு உருட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பூஸ்டில் கழன்று வரும். கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வழியில் ஒருவழி வால்வு போடுங்கள், இல்லையேல் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் போய் சீல்களைத் தள்ளும். பிளக் ஒரு படி குளிர்ச்சியானது, இடைவெளி சுமார் 0.7 மில்லிமீட்டர். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் அது தலைகீழ், கவனம்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றவுடன் சாவியைத் திருப்பக் கை துடிக்கும். பொறுங்கள். வடித்த ஆயிலுக்கும் கூலன்டுக்கும் பதிலாகப் புதியதை நிரப்புங்கள். டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி அதன் கம்ப்ரஸர் வீலைக் கையால் சுற்றுங்கள். இன்ஜெக்டர், காயில் இரண்டின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ட்ரெயின் குழாயைக் கழற்றிக் கீழே பாத்திரம் வைத்து, சிறு சிறு இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பாத்திரத்தில் ஆயில் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் குழாயைத் திரும்ப மாட்டுங்கள். அப்புறம் டர்போவின் வாயை அடைத்து, தனி ஏர் கம்ப்ரஸரால் 7, 8 பிஎஸ்ஐ காற்று கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு தேடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஈசியூவில் ஏற்கெனவே புது இன்ஜெக்டருக்கான அடிப்படை மேப் (எரிபொருள், டைமிங் அளவுகளின் அட்டவணை) இருக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். ஐடிலில் விட்டு ஆயில் அழுத்தம், கசிவு, எரிபொருள் வாசனை மூன்றையும் பாருங்கள். புது எக்ஸாஸ்ட் கொஞ்ச நேரம் புகையும், அது மேலே படிந்த எண்ணெய். பூஸ்டில் மிதிப்பது டைனோவில் (காரை நிற்கவைத்தே ஓட்டித் திறனை அளக்கும் இயந்திரம்), டர்போ ட்யூனிங் தெரிந்தவர் கையில் நடக்கட்டும். காற்று எரிபொருள் விகிதத்தை விரிந்த எல்லையில் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் கட்டாயம், பழைய ஆக்ஸிஜன் சென்சார் 14.7 விகிதத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் நம்பகமாகப் படிக்கும். பெட்ரோலில் பூஸ்டில் காற்று எரிபொருள் விகிதம் 11.5 முதல் 12 வரை இருக்குமாறு வையுங்கள். 13ஐத் தாண்டுவதைப் பூஸ்டில் பார்த்தால் உடனே காலை எடுங்கள், காரணம் தெரியும்வரை மறுபடி மிதிக்காதீர்கள். ஸ்பிரிங் அளவுக்கு மேல் பூஸ்டை ஏற்ற உதவும் பூஸ்ட் கன்ட்ரோலரை இப்போது இணைக்கவே வேண்டாம், ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பிடித்து மினுமினுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேனிஃபோல்டும் டர்போ ஃபிளாஞ்சும் பல முறை சூடாகிக் குளிர்ந்திருக்கும், இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு அந்த நட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்குங்கள், 1000 கிலோமீட்டரில் இன்னொரு முறை. அதே நாளில் டர்போ வாயில் கைவிட்டு ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். ஜர்னல் பேரிங்கில் பக்கவாட்டில் லேசாக ஆடும், பிளேடு ஹவுசிங்கை உரசக் கூடாது, முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற அளவுக்கு ஆடவே கூடாது.