நின்றே வேலை பார்க்கிறவர்கள் காலுக்குச் செய்யும் தவறுகள்

துணிக்கடையில் தீபாவளி சீசனுக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் வருஷா வருஷம் எங்கள் செட் செய்த அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். காலைக் கழுவு, வெடிப்புக்குக் களிம்பு போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பிளேடும் கார்ன் கேப்பும்

இதைப் பார்த்தாலே இன்றும் எரிச்சல் வரும். உள்ளங்காலில் காய்ப்பு கண்டதும், "வேரோடு எடுத்தாத்தான் போகும்ணே" என்று பிளேடும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். வேர் என்று ஒன்றும் கிடையாது. ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் விழுந்துகொண்டே இருந்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்துப்போகும், அதுதான் காய்ப்பு. ஒரு புள்ளியில் கூம்பாக உள்நோக்கி இறுகினால் கால் ஆணி. செருப்பை மாற்றாமல் ஆணியை மட்டும் தோண்டினால் அது திரும்ப வரத்தான் செய்யும்.

கார்ன் கேப் என்பது ஆணி மேல் ஒட்டுகிற மருந்துப் பிளாஸ்திரி; அதில் இருப்பது தோலைக் கரைக்கிற சாலிசிலிக் அமிலம். காய்த்த தோல் எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. பட்டுச்சேலை செக்‌ஷனில் ஓர் அக்கா, சுகர் உள்ளவர், அதை ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றார்; பாதம் மரத்துப்போயிருந்ததால் வலியே தெரியவில்லை. பிரித்தால் சுற்றிலும் தோல் வெள்ளையாக ஊறிக் கிடக்கிறது, ஓரத்தில் சீழ். சீசன் முழுக்க வீட்டில்தான், இன்சென்டிவும் போச்சு, விரல் தப்பியதே பெரிசு. சுகர் இருந்தால் பிளேடு, கார்ன் கேப் இரண்டையும் தொடாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். சுகர்காரர்களுக்கென்று மென்மையான ரப்பரில் செய்கிற எம்சிஆர் செருப்பு போடலாமா என்றும் கேளுங்கள்.

மற்றவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, கால் தேய்க்கிற கல்லால் லேசாகத் தேய்த்து, யூரியா கலந்த க்ரீம் போட்டால் போதும், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். அப்புறம், நேராக அழுத்துவதைவிடப் பக்கவாட்டில் கிள்ளினால் அதிகம் வலிக்கிறதா? அது ஆணியாக இல்லாமல் மருவாக இருக்கலாம். மரு வைரஸால் வருவது, தேய்த்தால் பரவும்.

காலையில் செருப்பு வாங்குவது

சாயங்காலம் போங்கள், கால் வீங்கியிருக்கும், அளவு சரியாகக் கிடைக்கும்.

மெத்தென்று இருந்தால் போதும் என்பது

கடையில் அழுத்திப் பார்த்து "பஞ்சு மாதிரி இருக்கு" என்று வாங்குவது கொஞ்ச நாளில் அமுங்கித் தட்டையாகி, மார்பிள் தரையில் வெறுங்காலோடு நிற்பதற்குச் சமமாகிவிடும். கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள்: விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பின்பக்கம் வார் இருக்கட்டும். வார் இல்லாத செருப்பை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பதில்தான் பாதிப் பேருக்கு விரல் முட்டியில் காய்க்கிறது.

பழகிவிடும் என்று விடுவது

பழகாது.

உட்காரக் கேட்கக் கூச்சப்படுவது

தமிழ்நாட்டில் 2021-லேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எல்லாக் கடையிலும் ஸ்டூல் இருக்கிறதா என்றால், அது வேறு கதை. இருக்கிற கடையிலும் புதுசாக வந்தவர்கள் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்காருங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.