கம்பளி ஆடையைச் சுருங்காமல் துவைத்துக் காயவைக்க

நேற்றுவரை அளவாக இருந்த ஸ்வெட்டர் ஒரே துவைப்பில் குழந்தைச் சட்டையாகிவிட்டால், பழி தண்ணீர் மேல்தான் விழும். ஆனால் வெறும் தண்ணீர் கம்பளியை அந்த அளவுக்குச் சுருக்காது. கம்பளி இழையும் நம் தலைமுடியைப் போலக் கெரட்டின் என்ற புரதம்தான். அதன் மேல் ஓட்டுக்கூரை போல நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சூடும் காரமான சோப்பும் பட்டால் இழை இளகி, செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது கசக்கினால் இழைகள் ஒரே பக்கமாக நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், திரும்பி வராது. துணி குறுகி, தடித்து, அட்டை போல ஆகிவிடும். சூடு, காரம், கசக்கல் மூன்றையும் தள்ளிவைத்தால் போதும், பயமில்லாமல் வீட்டிலேயே துவைக்கலாம்.

முதலில் உள்பக்கத் துணிச்சீட்டைப் பாருங்கள். தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால் துவைக்கலாம். தொட்டி மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. உள்துணி வைத்துத் தைத்த கோட்டுகளையும் வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது. மேல்துணியும் உள்துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கி, முன்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும்.

நனைக்கும் முன் மார்பகலம், மொத்த நீளம், கை நீளம் மூன்றையும் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். காயப்போடும்போது இந்த எண்கள்தான் கைகொடுக்கும். அடர்ந்த நிறமாக இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியை உள்தையல் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த ஆடையைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

ஒரு ஸ்வெட்டருக்கு 8 முதல் 10 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சூடு 30 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். மணிக்கட்டில் பட்டால் வெதுவெதுப்பாகக்கூடத் தெரியக் கூடாது. கம்பளிக்கென்றே விற்கும் திரவ சோப்பில் 2 தேக்கரண்டி போதும். அது இல்லையென்றால் குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பு. சாதாரண துணி சோப்புத்தூள் வேண்டாம்: அதில் காரம் இருக்கும், பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் என்சைமும் இருக்கும். கறையும் புரதம், கம்பளியும் புரதம். என்சைமுக்கு இரண்டும் ஒன்றே. குளோரின் ப்ளீச் இன்னும் மோசம், இழையையே கரைத்துவிடும்.

சோப்பைத் தண்ணீரில் கலக்கிய பிறகுதான் ஆடையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட வேண்டும். குழாயடியில் பிடிக்காதீர்கள், தண்ணீர் விழும் வேகமே கசக்கலுக்குச் சமம். விரித்த உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி விடுங்கள், அவ்வளவுதான். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறினால் அழுக்கு விட்டுவிடும். கழுத்துப்பட்டியிலும் அக்குளிலும் அழுக்கு மிச்சமிருந்தால், அந்த இடத்தில் மட்டும் இரண்டு சொட்டு சோப்பு விட்டு விரல் நுனியால் தட்டிக்கொடுங்கள். பிரஷ் வேண்டவே வேண்டாம்.

அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். ஆடையைத் தூக்கும்போது தோளைப் பிடித்துத் தொங்கவிடாமல், இரு கைகளாலும் அடியில் தாங்கி மொத்தமாக எடுங்கள். ஈரக் கம்பளிக்கு வலு குறைவு, எடையோ பல மடங்கு. தொங்கினால் கைகள் முழங்காலைத் தொடும் அளவுக்கு நீண்டுவிடும். நுரை நிற்கும்வரை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். கடைசி அலசலில் 5 லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால் மிச்சமிருக்கும் காரம் போய் இழை மிருதுவாகும். வாடை காய்ந்ததும் போய்விடும்.

முறுக்கிப் பிழியாதீர்கள். அள்ளி, பாத்திரத்தின் பக்கத்தில் வைத்து அழுத்தித் தண்ணீரை வடியுங்கள். பிறகு தடித்த துண்டின் மேல் விரித்து, துண்டோடு சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, சுருளின் மேல் கையை ஊன்றி அழுத்துங்கள். துண்டு நனைந்துவிட்டால் இன்னொன்றில் மறுபடியும். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தால் காயும் நேரம் பாதியாகக் குறையும்.

உலர்ந்த துண்டு அல்லது வலைத்தட்டின் மேல் தட்டையாகப் பரப்பி, எழுதிவைத்த அளவுக்கு இழுத்து ஒழுங்குசெய்யுங்கள். மணிக்கட்டு, இடுப்புப் பட்டிகளை மட்டும் உள்நோக்கிக் கூட்டிவிடுங்கள், இல்லையென்றால் தொளதொளத்துப் போகும். நிழலும் காற்றும் வேண்டும். வெயில் வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கும், மற்ற நிறங்களை வெளுக்கும். ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு அடித்துண்டை மாற்றுங்கள். தடித்த பின்னல் முழுதாகக் காய இரண்டு நாள்கூட ஆகலாம். கையால் தொட்டுப் பார்த்து முடிவுசெய்ய முடியாது: தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை வைத்துக்கொண்டும் கம்பளி நனைந்ததாகத் தெரியாது. அக்குள் தையலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

வாஷிங் மெஷினில் போடலாம் என்று துணிச்சீட்டு சொன்னால், வலைப்பையில் இட்டு, கம்பளிக்கான ஓட்டத்தில், ஸ்பின்னைக் குறைந்த வேகத்தில் வைத்துப் போடுங்கள். சூடான டிரையர் மட்டும் கூடவே கூடாது.

சுத்தமாகத் துவைத்து முழுதாகக் காய்ந்ததைத்தான் மடித்து வைக்க வேண்டும். வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடத்தைத்தான் அந்துப்பூச்சியின் புழு முதலில் தின்னும்.

ஏற்கெனவே லேசாகச் சுருங்கிவிட்ட ஆடையை, 5 லிட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி தலைமுடிக் கண்டிஷனர் கலந்து அரைமணி ஊறவைத்து, துண்டில் ஈரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் காயவைத்தால் ஓரளவு மீளும். பின்னலின் கண்ணிகளே தெரியாமல் இறுகிப்போயிருந்தால் மீளாது. அப்படிப்பட்ட துணியை வெட்டினாலும் நூல் பிரியாது. சூடான பாத்திரம் பிடிக்கும் துணியாகவும் காலணிக்குள் வைக்கும் அட்டையாகவும் வெட்டிக்கொள்ளலாம்.