மலை இல்லாத ஊரிலிருந்து வெள்ளியங்கிரிக்கு: இறங்கப் பழகுங்கள்

கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டியிலிருந்து ஏழாம் மலைவரை போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கியதைவிட, இறங்கும்போது தொடை நடுங்கியதைத்தான் அதிகம் சொல்வார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இறங்கிப் பழக மலை கிடையாது. அதனால் பயிற்சியை விட்டு நாளாகித் திரும்ப ஆரம்பிப்பவர்கள் இறக்கத்தை மனதில் வைத்தே ஆரம்பிக்க வேண்டும்.

வனத்துறை பொதுவாக பிப்ரவரியிலிருந்து மே வரைதான் மலையேற விடுகிறது. பயிற்சியை நவம்பரில் தொடங்கினால் சரியாக இருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

முதல் சில வாரம் வெறும் நடைதான். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, விடிகாலையில் வண்டித் தொல்லை இல்லை. கடலூரில் வெள்ளிக் கடற்கரையின் காய்ந்த மணலில் நடங்கள். கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் நல்ல வேலை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும், தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண்கள் மெதுவாகத்தான் வரும். மூச்சை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

அப்புறம் இறங்கும் பயிற்சி. மழை கொட்டினாலும் வீட்டு மாடிப்படியில் செய்யலாம். கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி, மற்ற காலை முன்னால் நீட்டுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே, குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்குங்கள். தொட்டதும் அதில் எடையைப் போடாமல் மேலே வாருங்கள். சிக்கல் வருவது ஊன்றிய காலில்: முட்டி தானாக உள்பக்கம் சாயும். அது கால் இரண்டாம் விரலுக்கு நேராகவே நிற்க வேண்டும். சாய்கிறதா என்று நமக்கே தெரியாது, வீட்டில் யாரையாவது எதிரே நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்கு எட்டு முறை, வாரத்துக்கு இரண்டு நாள்.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அதனால் ஓரிரு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும். தொடை வலித்தால் பயப்பட வேண்டாம். முட்டிச் சில்லுக்குக் கீழே குத்தினால் நிறுத்திவிட்டு, உயரம் குறைந்த படிக்கு மாறுங்கள்.

பழகியபின் எடை. மணல் மூட்டை வேண்டவே வேண்டாம், தண்ணீர்தான் சிறந்தது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. பாட்டில்களைப் பையில் போட்டு ஏறி, மொட்டைமாடிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம், முட்டி தப்பிக்கும்.

மழை விட்டதும் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் போங்கள். அங்கே ஔஷதகிரி என்ற சின்னக் குன்றில் ஹயக்ரீவர் சன்னதிக்கு 74 படிகள். முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் நெரியும், வேறு நாளாகப் பாருங்கள்.

கடைசிச் சோதனைக்குச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை, சுமார் 800 அடி. முந்தின நாளே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறங்குமுன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், விரல் முன்னால் போய் இடிக்காது. ஊன்றி நடக்கக் கம்பு என்றால் எனக்குப் பூண்டியில் விற்கும் மூங்கில்தான். இறக்கத்தில் பிடியை மேலே மாற்றிக்கொண்டால் போதும், மடக்குக் கம்பைப் போல நின்று நீளம் மாற்ற வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: மாடி இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். இறங்கும் பயிற்சிக்கு ஒரே படிதான் வேண்டும். வாசல்படி போதும், ஈரம் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.