கேம்பர் ஏற்றிய பெரிய பிக்கப்பை ஓட்டிப் பழகுவது

கார் மட்டுமே ஓட்டியவர்கள் அமெரிக்கச் சாலையில் ஃபோர்டு எஃப்-350 மாதிரியான பிக்கப்பின் முதுகில் கேம்பரை, அதாவது தங்கும் வசதியுள்ள கூட்டை, ஏற்றி முதன்முதலாக உட்காரும்போது, கவலை முழுக்க அகலத்தின் மேல்தான் இருக்கும். லேனுக்குள் அடங்குமா, பக்கத்து லாரியை உரசிவிடுமா என்று பயப்படுவார்கள். அகலம் சீக்கிரமே பழகிவிடும். இடிபடுவது பெரும்பாலும் ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடங்களான கூரையும் பின்மூலைகளும்தான். அதனால் பழக்கத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் எடையைப் பார்த்துவிடுங்கள். அதிக பாரம் ஏற்றிய வண்டியை எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் அது ஆபத்தான வண்டிதான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அது 4,300 என்று வைத்துக்கொள்வோம். கேம்பரின் விளம்பரத்தாளில் 2,900 பவுண்டு என்று இருந்தால், தாராளமாக இடமிருப்பதாகத் தோன்றும். ஆனால் அது வெறும் கூட்டின் எடை. ஏசி, வெயில்மறைப்பு போன்ற கூடுதல் பாகங்களுக்கு 250 சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்டு, ஆகவே 40 கேலன் டேங்க் நிறைந்தால் 334. இரண்டு புரொப்பேன் சிலிண்டருக்கு 74, நான்கு பேருக்கு 600, துணிமணி, பாத்திரம், மளிகைக்கு 400. கூட்டினால் 4,558 வருகிறது. தாராளமாகத் தெரிந்த வண்டி 258 பவுண்டு மீறி நிற்கிறது.

கணக்கோடு நிறுத்தாமல் எடை மேடையிலும் ஏற்றிப் பாருங்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் இருக்கும் கேட் ஸ்கேல் எடை மேடையில் முன்சக்கரங்களை ஒரு பலகையிலும் பின்சக்கரங்களை அடுத்ததிலும் நிறுத்தினால், ஒவ்வொரு அச்சின் எடையும் தனித்தனியாகச் சீட்டில் வரும். பின் அச்சு தாங்கக்கூடிய எடையும் கதவுத் தூணில்தான் அச்சிட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள். பின்புறம் தாழ்கிறது என்று ஏர் பேக் (பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) போடுபவர்கள் பலர். அது வண்டியை நிமிர்த்தும், ஆட்டத்தைக் குறைக்கும். ஆனால் அச்சோ டயரோ பிரேக்கோ தாங்கும் எடையை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது.

கேம்பரின் பக்கவாட்டில் அதன் எடை மையத்தைக் காட்டும் அம்புக்குறி ஒட்டியிருக்கும். டிரக்கில் ஏற்றிய பின் அந்த அம்பு பின் அச்சுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். பின்னால் போய்விட்டால் முன்சக்கரங்கள் லேசாகிவிடும். ஸ்டியரிங் மிதக்கும், முன் பிரேக் சரியாகப் பிடிக்காது. கேம்பருக்குக் கீழே ரப்பர் பாய் விரிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது கேம்பர் வழுக்கும். கேம்பரை டிரக்கோடு பிணைக்கும் நான்கு மூலை இறுக்கிகளையும் முதல் 50 மைலில் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். கேம்பர் குலுங்கி அமர்ந்ததும் அவை கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

டயர்களில் காற்று கதவுத் தூண் சொல்லும் அளவுக்கு, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே இருக்க வேண்டும். அதிக பாரம் தாங்கும் லோட் ரேஞ்ச் ஈ வகை டயருக்குப் பெரும்பாலும் 80 பி.எஸ்.ஐ. வரை போகும். காற்றுக் குறைந்த டயர் வளைவில் மடங்கும், அந்த ஆட்டத்தைப் பலர் சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி உயரம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கூரையிலேயே உயர்ந்த பாகத்தின் மேல், அநேகமாக ஏசியின் மூடி மேல், நேரான ஒரு சட்டத்தை வைத்து அதன் நுனியிலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். தண்ணீர் டேங்க் காலியாக இருக்கும்போது அளப்பது நல்லது. பாரம் குறைந்தால் ஸ்பிரிங் மேலெழும், உயரம் கூடும். வந்த அளவோடு சில அங்குலம் சேர்த்து, உதாரணமாக 12 அடி 2 அங்குலம், 3.71 மீட்டர் என்று எழுதி, ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவிடுங்கள். கனடாவில் பாலங்களின் உயரம் மீட்டரில் இருப்பதால் இரண்டும் வேண்டும்.

எழுதி ஒட்டுவது சடங்கல்ல. வட கரோலைனாவின் டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குலத்தில் நின்று, எத்தனையோ வாடகை டிரக்குகளின் கூரையை உரித்திருக்கிறது. 2019இல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். மேலே சொன்ன கேம்பர் இன்று அதில் இரண்டு அங்குல இடைவெளியில் நுழையும், அன்று நுழைந்திருக்காது. நியூயார்க்கில் பார்க்வே என்று பெயர் போட்ட சாலைகளில் 10 அடிக்கும் குறைந்த பாலங்கள் உண்டு. பாஸ்டனின் ஸ்டாரோ டிரைவும் அப்படித்தான். காருக்கான வழிகாட்டிச் செயலிக்கு உங்கள் கூரை உயரம் தெரியாது, தயங்காமல் அங்கே அனுப்பிவிடும். நீளம், உயரம், எடை கேட்டு வாங்கிக்கொள்ளும், முகாம் வண்டிகளுக்கான ஆர்.வி. ஜி.பி.எஸ்.தான் வேண்டும். சில சுரங்கங்களில் புரொப்பேனுக்கும் தடை உண்டு. பால்டிமோர் ஹார்பர் சுரங்கத்தில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட சிலிண்டரோடு போக முடியாது. மறுபடி தார் போட்ட சாலையும் இறுகிய பனியும் பாலத்தின் உயரத்தில் சில அங்குலத்தைத் தின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டிப் பழக ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங் மைதானம் போதும். முதலில் வெறும் டிரக், பிறகு காலி கேம்பர், கடைசியில் தண்ணீர் நிறைத்த கேம்பர் என்று மூன்று படியாகப் பழகுங்கள். ஒரேயடியாக முழுப் பாரத்தோடு தொடங்கினால், தடுமாற்றம் நீளத்தாலா எடையாலா என்று பிரித்தறிய முடியாது. உட்கார்ந்ததும் கண்ணாடிகளைச் சரிசெய்யுங்கள். நடுக்கண்ணாடியில் கேம்பரின் சுவர் மட்டுமே தெரியும் என்பதால் அதை மறந்துவிடலாம். பக்கக் கண்ணாடிகளை முழுக்க வெளியே இழுத்து, மேல் கண்ணாடியில் கேம்பரின் ஓரம் மெல்லிய கோடாகவும், கீழ்க் குவிகண்ணாடியில் பின்டயர் தரையைத் தொடும் இடமும் தெரியும்படி வையுங்கள். டயருக்கும் லேன் கோட்டுக்கும் இரு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால் லேனின் நடுவில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது வலப்பக்கத் திருப்பம். கூம்பு ஒன்றை நடைபாதையின் மூலையாக வைத்துக்கொள்ளுங்கள். காரைப் போல மூலையிலேயே ஒடித்தால் பின்சக்கரம் கூம்பின் மேல் ஏறும். முன்சக்கரம் மூலையை நன்றாகத் தாண்டிய பிறகு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, பின்டயரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே திரும்புங்கள். பின்சக்கரம் சுற்றும் வட்டம் முன்சக்கரத்தின் வட்டத்தைவிடச் சிறியது, வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) நீள நீள அந்த வித்தியாசமும் வளரும்.

வால் வீச்சு இதற்கு நேர்மாறு. பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, நீங்கள் வலப்புறம் ஒடித்தால் இடப்புறம் வீசும். மைதானத்தில் ஒரு கோட்டை ஒட்டி நிறுத்தி, முழுசாக எதிர்ப்பக்கம் ஒடித்து மெதுவாக நகருங்கள். பின்மூலை கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே போகிறது என்று கூட இருப்பவர் சாக்கட்டியால் குறிக்கட்டும். அந்த அளவு உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மனசில் நிற்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் நடக்கும் விபத்துக்கு இதுதான் காரணம்: பம்ப் இடப்பக்கம் இருக்க, டீசல் போட்டுவிட்டு உடனே வலப்புறம் ஒடிப்பார்கள், பின்மூலை பம்ப்பைக் காக்கும் இரும்புக் கம்பத்தில் மோதும். பின்பம்பர் கம்பத்தைத் தாண்டும் வரை நேராகப் போய், அப்புறம் திரும்புங்கள்.

சாலையில் இறங்கியதும், முன்வண்டியோடு இடைவெளி. கனரக ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படும் விதி இங்கும் பொருந்தும்: வண்டியின் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு நொடி, மணிக்கு 40 மைலைத் தாண்டினால் இன்னொரு நொடி. 25 அடி வண்டிக்கு மூன்றும் ஒன்றும் நான்கு நொடி, மழையில் இரட்டிப்பு.

மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையில், 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசனாவர் சுரங்கத்தைத் தாண்டி மேற்கே இறங்கும்போது சரிவு 7 சதவீதம் வரை இருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே பாரத்தோடு ஓட்டுவதற்கென்று கியர்பெட்டியில் இருக்கும் டோ-ஹால் மோடைப் போட்டு, கியரைக் குறைத்து, எஞ்சினை வேகத்தைப் பிடிக்க விடுங்கள். உங்களுக்குப் பாதுகாப்பான வேகம் 40 என்றால், முள் 40ஐத் தொட்டதும் சுமார் மூன்று நொடி அழுத்தமாகப் பிரேக் போட்டு 35க்குக் கொண்டுவந்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். மறுபடி 40 வந்தால் மறுபடி அதே மாதிரி. கருகும் வாடை வந்தால் ஒதுங்கி நிறுத்தி ஆறவிடுங்கள்.

காற்று வேறு வகை ஆபத்து. வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே ஐ-80இல் வீசும் பக்கக் காற்றில், உயரமான லேசான வண்டிகளுக்குச் சாலையையே அடைத்துவிடுவார்கள். காற்று தள்ளும்போது வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, சின்னச் சின்ன அசைவில் திருத்துங்கள். பெரிய டிரெய்லர் லாரி முந்தும்போதும் இதேதான்: முதலில் அது வெளியே தள்ளும், கடக்கையில் உள்ளே இழுக்கும். இரண்டும் வரும் என்று தெரிந்து காத்திருந்தால் கை பதறாது.

முகாமிடத்தில் ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்று நடந்து பாருங்கள், முக்கியமாக மேலே. தாழ்ந்த கிளை ஒன்றே ஏசி மூடியை உடைக்கப் போதும். கூரை ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். கேம்பரின் பின்சுவரில் கேமரா இருந்தாலும் அது கிளையைக் காட்டாது. உதவிக்கு நிற்பவர் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் பார்வையிலிருந்து மறைந்த நொடியே பிரேக்கை மிதித்து, அவர் மறுபடி தெரியும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது.